தாய்க்கும் ஒரு தட்டு

மலாக்காவில் ஜாசினைத் தாண்டி உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். அங்கே காய்ச்சலோ காயமோ, முதலில் போய் நிற்க வேண்டிய இடம் டிரசர் ஐயாவின் மருந்துக் கொட்டகை. புட்டியை வீட்டிலிருந்து கொண்டு போக வேண்டும். காய்ச்சலுக்கு ஒரு கலவை, வயிற்றுப்போக்குக்கு ஒரு கலவை, இருமலுக்குச் சிவப்பாக ஒன்று, புண்ணுக்கு ஊதா மருந்து. துரைமார் தருமத்துக்குச் செய்து வைத்த ஏற்பாடு என்று அதைச் சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தருமம் இல்லை, சட்டம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டங்கள்தாம் தோட்டத்தில் மருத்துவ வசதி வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும் என்று முதலாளிகளைக் கட்டாயப்படுத்தின. பல தோட்டங்கள் சேர்ந்து ஒரு கூட்டு ஆஸ்பத்திரி நடத்துவதும் உண்டு. என் அம்மா பிறந்தது அப்படி ஒன்றில். எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் அந்தக் கட்டடத்தில் உர மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள்.

அந்தக் கூட்டு ஆஸ்பத்திரியைப் பற்றிப் பாட்டி சொன்னதில் ஒன்று மனத்தில் தங்கிவிட்டது. நோயாளிக்குச் சோறு தோட்டக் கணக்கில் வருமாம். கூட இருப்பவர்கள் பின்கட்டில் கல் கூட்டி அடுப்பு மூட்டிக்கொள்வார்களாம். அங்கே என்ன மருந்து கொடுத்தார்கள் என்பது பாட்டிக்கு நினைவில்லை. தான் வைத்த மிளகு ரசம் நினைவிருந்தது.

1974ஆம் ஆண்டில் என் தம்பிக்கு முகம் ஊதத் தொடங்கியது. அவனுக்கு அப்போது ஆறு வயது. காலையில் எழுந்தால் கண் திறக்க வராது. மத்தியானத்துக்குள் முகம் வடிந்து கால் வீங்கும். எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "ஊதுகாமாலைதான், வேற என்ன," என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. பார்லி வேகவைத்த தண்ணீர் கொடுத்தோம். முனியாண்டி கோயிலில் எலுமிச்சம்பழம் வைத்து மந்திரித்தோம். டிரசர் ஐயா மட்டும் சிறுநீர் கேட்டார். சோதனைக் குழாயில் அதை ஊற்றி, மேல்பாதியை ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டினார். முட்டையின் வெள்ளைக்கரு வெந்தது போல் அது வெளுத்துக் கட்டியது.

"ரத்தத்துல இருக்க வேண்டிய சத்து ஒண்ணுக்குல போவுதும்மா. நாளைக்கே பட்டணம் கொண்டு போயிருங்க," என்றார் அம்மாவிடம்.

நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்ற பெயரையே பிறகுதான் கேள்விப்பட்டோம். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, ரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதம் வெளியேறிவிடும். அது குறைந்தால் நீர் ரத்தக் குழாயில் தங்காமல் உடம்பில் இறங்கி வீக்கமாகும். ஓடியாடும் வயதுப் பிள்ளைகளுக்குத்தான், அதிலும் பையன்களுக்குத்தான், இது அதிகம் வரும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் கேட்கும். கேட்டுவிட்டுத் திரும்பவும் வரும். வீக்கம் வடியும் வரை உப்பைக் குறைக்க வேண்டும். டாக்டர்களுக்கு இது பழகிய நோய். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சோற்றில் உப்பு இல்லை என்பது மட்டும்தான் தெரியும்.

எந்த ஊர் மருத்துவமனை என்பதை நான் எழுதப் போவதில்லை. அன்றைக்குப் பெரும்பாலான இடங்களில் நடைமுறை அதுதான்; ஓர் இடத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. பிள்ளையைச் சேர்த்துவிட்டுத் தாய் வீட்டுக்குப் போய்விட வேண்டும். மத்தியானம் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் வந்து பார்க்கலாம். தாய் கூட இருந்தால் பிள்ளை அழும், தாதிகளுக்கு வேலை கெடும் என்று நினைத்தார்கள். தாய் கிளம்பும்போது பிள்ளை அழுததையெல்லாம் அதற்குச் சாட்சியாகச் சொன்னார்கள்.

அம்மா பால்மரம் வெட்டுகிறவர். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கு. பத்து, பதினொரு மணி வரை வெட்டு. பிறகு பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து, வீடு திரும்ப மத்தியானம் கடந்துவிடும். ஆஸ்பத்திரியின் மத்தியானப் பார்வை நேரம், அம்மா பால் வாளியோடு நிற்கும் நேரம். சாயங்காலத்துக்கு வரலாமென்றால் திரும்பிப் போகப் பஸ் இல்லை. அப்பாவுக்கு ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் வேலை. நெருப்பை விட்டு நகர முடியாது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாளின் சம்பளம் போயிற்று. அடுத்த வாரமும் தொடர்ந்து போகாவிட்டால் கங்காணி வேறு ஆளை அந்த நிரையில் போடுவார்.

மழை பெய்தால் மட்டும் அம்மா வர முடியும். மரம் நனைந்துவிட்டால் பால் கோட்டில் இறங்காமல் பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். அன்றைக்கு வெட்டு கிடையாது. லயத்தில் அத்தனை பேரும் மழையைத் திட்டிக்கொண்டிருக்க, வார்டின் சன்னலோரக் கட்டிலில் ஒருவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு மழைக்காக உட்கார்ந்திருந்தான்.

ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். காலையில் ரொட்டி, மைலோ, அவித்த முட்டை. மத்தியானம் சோறு, வேகவைத்த மீன் துண்டு, முட்டைகோஸ், ஒரு வாழைப்பழம். தோட்டத்தில் நாங்கள் தின்றதைவிடச் சத்தான சாப்பாடு அது. முட்டையை லயத்தில் யார் தினமும் கண்டது? ஆனால் தம்பி தொடவில்லை. தள்ளுவண்டி வரும், தட்டைக் கட்டிலருகே வைப்பார்கள், வண்டி அடுத்த கட்டிலுக்குப் போகும். திரும்பி வரும்போது எடுத்துக்கொண்டு போவார்கள். அட்டவணையில் 'சாப்பிடவில்லை' என்று எழுதுவார்கள். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வார்டில் இரண்டு மூன்று தாதிகள் வேறென்ன செய்வார்கள்?

உப்பில்லாதது ஒரு காரணம். பயம் இன்னொரு காரணம். சூப்பில் கிடப்பது கோழியா மாடா என்று அவனுக்குத் தெரியவில்லை. மாட்டுக்கறி என்றால் சாமி குற்றம் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். கேட்கலாமென்றால் அவனுக்குத் தெரிந்த மலாய், தோட்டத்துக் கடையில் மிட்டாய் வாங்கும் அளவுதான். பக்கத்துக் கட்டில் மலாய்ப் பிள்ளையும் சாப்பிடவில்லை. அவனுக்கு மொழியும் தெரியும், சமையலும் அவன் வீட்டுச் சமையலை ஒத்ததுதான். அவன் அம்மாவும் அங்கே இல்லை. மொழியும் மதமும் சுவையும் பற்றி எத்தனையோ சொல்லலாம். அந்த வார்டில் எல்லா இனப் பிள்ளைகளின் தட்டும் ஒரே மாதிரித்தான் திரும்பிப் போனது.

ஒரு மழை நாளில் அம்மா சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் போய்ச் சேர்ந்தார். தட்டு கட்டிலருகில் இருந்தது. அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து, அந்த மீனின் முள்ளைப் பார்த்து எடுத்து, சோற்றோடு பிசைந்து, முந்தானை முடிச்சில் கொண்டு வந்திருந்த எலுமிச்சம்பழத்தை இரண்டு சொட்டுப் பிழிந்து உருட்டினார். "ஒரு வாய், சாமி. ஒரே வாய்," என்றார். தட்டு காலியாயிற்று. அதே சோறு, அதே மீன்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மிஸ்ஸி, வயதில் மூத்த மலாய்த் தாதி, அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார். தினமும் வர முடியாதா? முடியாது. வீட்டில் வேறு யார்? நான்தான். வயது? பன்னிரண்டு. பன்னிரண்டுக்குக் கீழே என்றால் வார்டுக்குள் விட மாட்டார்கள். என்னைப் பட்டணத்தில் சித்தி வீட்டில் விட்டார்கள். பார்வை நேரம் என்னவாக இருந்தாலும் சாப்பாட்டு வண்டி வரும்போது அந்தப் பெண் உள்ளே இருக்கட்டும் என்று மிஸ்ஸி வாசல் காவலாளியிடம் சொல்லி வைத்தார். எந்த விதியில் அவர் அதைச் செய்தாரோ தெரியாது. என் ஆறாம் வகுப்பின் ஒரு பகுதி அந்த வார்டில் கழிந்தது. ஒரு வீட்டில் ஒரு பிள்ளை நோயில் விழுந்தால் இன்னொரு பிள்ளையின் படிப்பும் போகிறது. இதை நான் ஆசிரியையான பிறகு என் வகுப்பில் பல முறை கண்டிருக்கிறேன். அடிக்கடி வராமல் போகும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன், வீட்டில் யார் ஆஸ்பத்திரியில் என்று கேட்பது என் வழக்கம்.

மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் கதை தலைகீழாயிற்று. ஸ்டீராய்டு பசியைக் கிளப்பும். சாப்பிட மறுத்தவன் இப்போது தட்டு வருமுன்பே கையை நீட்டினான். முகம் வீக்கத்தால் உருண்டது போய் மருந்தால் உருண்டது. மற்றப் பிள்ளைகள் வைத்துவிட்ட ரொட்டியைக் கேட்டு வாங்கினான். சாயங்காலம் ஐந்தரைக்கே இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு விடியும் வரை ஒன்றுமில்லை. அந்த நீண்ட இரவுப் பசிக்கு நான் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் உப்பில்லாமல் வறுத்த கடலையும் கொண்டு போய்த் தலையணைக்கடியில் வைத்தேன், மிஸ்ஸிக்குத் தெரிந்தேதான். எது கூடாது என்று அவர்தான் எனக்குப் பாடம் எடுத்தார்: நெத்திலி, பெலாச்சான், சோயா சாஸ், கெரோப்போக், ஊறுகாய், மார்மைட். எங்கள் வீட்டு அடுக்களையில் சுவை என்று இருந்ததெல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தது. மிச்சமிருந்தது புளி, மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை, தேங்காய்ப் பால். வீட்டுக்கு வந்த பிறகு அம்மா அதை வைத்துக்கொண்டே சமைத்தார். ஒருவனுக்குத் தனிச் சமையல் என்றால் அவன் அழுவான் என்று வீடு முழுக்க உப்பைக் குறைத்தார். அப்பா மட்டும் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிட்டிகை வைத்துக்கொள்வார், சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து.

நோய் இரண்டு மூன்று முறை திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் டிரசர் ஐயாவின் சோதனைக் குழாய்தான் முதலில் சொன்னது. பதினைந்து வயதுக்குப் பிறகு வரவில்லை. இப்போது அவன் ஜொகூரில் லாரி ஓட்டுகிறான், பேரப்பிள்ளை எடுத்துவிட்டான்.

தாயை வார்டுக்கு வெளியே நிறுத்தும் பழக்கம் இங்கிலாந்திலிருந்து வந்தது. அது தவறு என்ற ஆராய்ச்சியும் அங்கிருந்தே வந்தது. நியூகாசில் நகரில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற குழந்தை மருத்துவர் 1920களிலேயே தாய்மாரைப் பிள்ளைகளோடு மருத்துவமனையில் தங்க வைத்துப் பால் கொடுக்கவும் பணிவிடை செய்யவும் விட்டார். அவரை விசித்திரமான மனிதர் என்றுதான் பலர் பார்த்தார்கள். 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், மருத்துவமனையில் தனியாக விடப்பட்ட இரண்டு வயதுப் பெண் குழந்தையைப் படம் பிடித்துக் காட்டினார். அழாமல் அமைதியாக இருக்கும் பிள்ளை தேறிவிட்ட பிள்ளை அல்ல, நம்பிக்கை விட்டுப்போன பிள்ளை என்பது அதில் தெரிந்தது. 1959இல் பிளாட் குழு, பெற்றோர் எந்நேரமும் வரலாம், சிறு பிள்ளைகளோடு தாய் தங்கலாம் என்று அரசாங்கத்துக்குப் பரிந்துரைத்தது. தம்பி படுத்திருந்தது அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து. லண்டனிலிருந்து நல்ல யோசனை கப்பலேறி மலாக்கா வந்து சேர அத்தனை காலம் பிடிக்கிறது. கெட்ட யோசனை விரைவாக வந்துவிடுகிறது.

கெட்ட யோசனை என்றதும் டின்பால் நினைவுக்கு வருகிறது. 1930களில் சிங்கப்பூரில் வேலை பார்த்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், ஆப்பிரிக்காவில் புரதக் குறைவால் பிள்ளைகள் வீங்கிச் சாகும் குவாஷியோர்கர் நோயை மருத்துவ உலகுக்குச் சொன்னவர். இங்கே அவர் கண்டது வேறு: தாய்ப்பாலுக்குப் பதில் இனிப்பு டின்பால் கரைத்துக் கொடுக்கப்பட்டுச் சாகும் கைக்குழந்தைகள். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். தவறான உணவை விளம்பரம் செய்து குழந்தைகளைச் சாகவிடுவது கொலைக்குச் சமம் என்றார். எங்கள் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான ஆயாக்கொட்டாயில் என் தலைமுறைப் பிள்ளைகளும் டின்பாலில்தான் வளர்ந்தோம். பால் கொடுக்க வேண்டியவர்கள் அந்நேரம் மரத்தடியில் வேறு பால் சேகரித்துக்கொண்டிருந்தார்கள். தாயைப் பிள்ளையிடமிருந்து பிரித்துவிட்டு, பிறகு பிள்ளை ஏன் நோஞ்சானாக இருக்கிறது என்று கேட்பது ஆஸ்பத்திரிக்கு வெளியேயும் இருந்த வழக்கம்தான்.

இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது. மலேசிய அரசாங்க மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டுகளில் தாயோ வேறு பெண் உறவோ இரவு பகல் கூட இருக்கிறார்கள். இருக்கச் சொல்லியே கேட்கிறார்கள். இது பெரிய மாற்றம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்தத் தாய் எதைச் சாப்பிடுவார் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் கணவரின் தங்கை மகளுக்கு இந்த நிலை வந்தது. பத்து பெரண்டாமில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தவள். அவளுடைய நான்கு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய். மலாக்காவில் கண்டுபிடித்துக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள், நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால். பிள்ளைகளுக்கு வரும் லுக்கீமியாவில் பெரும்பகுதி இப்போது குணமாகிறது. ஆனால் சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் இழுக்கும். நான் முறை வைத்துப் போய் உட்கார்ந்தேன். மாத்திரை, ஊசி, ரத்தம் எல்லாம் நேரத்துக்கு வந்தன. பிள்ளைக்குத் தட்டும் நேரத்துக்கு வந்தது. தாய்க்குச் சாய்வு நாற்காலி ஒன்று. சாப்பாடு இல்லை.

"நீ என்னம்மா சாப்பிட்டே?" என்று கேட்டேன்.

"பாப்பா மிச்சம் வச்சாளே, அத்தை," என்றாள்.

பாப்பா மிச்சம் வைத்தது மருந்தின் வாந்திக்குப் பிறகு தள்ளிவிட்ட கஞ்சி. மற்ற வேளைகளில் சுடுநீர் ஊற்றிய மெகி. கீழே கான்டீனுக்குப் போய்வரப் பிள்ளையை யாரிடம் விடுவது? விட்டுப் போனாலும், மூன்றாம் வகுப்பு வார்டில் பிள்ளைக்கு அரசாங்கம் வாங்கும் நாள் கட்டணம் 3 வெள்ளி. கான்டீனில் தாய் மூன்று வேளை சாப்பிட இருபது வெள்ளிக்குக் குறையாது. நோயாளியை வைத்திருப்பதைவிட அவளுக்குத் துணை இருப்பது செலவு. வேலை ஏற்கெனவே போய்விட்டது.

அந்தக் கஞ்சியில் தாதி ஒரு கரண்டி மார்மைட் கலந்து கொடுத்தார். தம்பிக்குத் தடை செய்யப்பட்டது இவளுக்கு அனுமதி. உடம்பு முடியாத பிள்ளைக்குக் கஞ்சியில் மார்மைட் கலப்பது நம் நாட்டு வழக்கம், இனம் பார்க்காத வழக்கம். அந்தக் கறுப்புப் பசைக்கு ஒரு வரலாறு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 1928இல் பம்பாய்க்கு வந்து, துணி ஆலையில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகள் ஏன் ரத்தம் சுண்டிச் சாகிறார்கள் என்று ஆராய்ந்தார். மருந்துகளால் ஆகாதது மார்மைட்டால் ஆனது. அதிலிருந்த பொருள்தான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு அதைச் செயற்கையாகச் செய்தது. அதை எதிர்க்கும் மருந்தையும் செய்தது. அந்த எதிர்மருந்தைக் கொடுத்துத்தான் 1948இல் சிட்னி ஃபார்பர், லுக்கீமியா வந்த 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியதாக எழுதினார். பாப்பாவுக்கு ஏற்றிய மருந்துகளில் ஒன்று அந்த வம்சம். எல்லாம் தொடங்கியது, பட்டினியாய் வேலைக்குப் போன தாய்மார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒரு பெண் கேட்டதில்தான்.

உதவி இல்லாமல் இல்லை. 1966இல் தொடங்கிய மலேசியத் தேசியப் புற்றுநோய்ச் சங்கம், கோலாலம்பூரில் சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளும் பெற்றோரும் இலவசமாகத் தங்க 'சில்ட்ரன்ஸ் ஹோம் ஆஃப் ஹோப்' என்ற இல்லத்தை நடத்துகிறது. படிப்பு விட்டுப் போகாமல் இருக்க, மருத்துவமனைக்குள்ளேயே பள்ளி நடத்தும் திட்டத்தைக் கல்வி அமைச்சு 2011இல் தொடங்கியது. என் தம்பி வார்டில் படுத்திருந்த அதே 1974இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முதல் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் திறக்கப்பட்டது. ஃபிரெட் ஹில் என்ற பந்தாட்டக்காரரின் சின்ன மகளுக்கு லுக்கீமியா. மற்றப் பெற்றோர்கள் நாற்காலியில் தூங்குவதையும் இயந்திரத்தில் காசு போட்டு எடுத்ததைத் தின்பதையும் பார்த்துவிட்டு, டாக்டர் ஆட்ரி எவன்ஸோடு சேர்ந்து அதை உண்டாக்கினார். நம் நாட்டிலும் குபாங் கிரியானிலும் செராசிலும் அத்தகைய இல்லங்கள் இருக்கின்றன. ஹம்பர்கர் விற்கிறவர்களின் பெயரில் அந்த நல்ல காரியம் நடப்பது எனக்குக் கொஞ்சம் நெருடல்தான். நம்மவர்கள் யாரும் முந்திக்கொள்ளவில்லையே, என்ன செய்வது?

ஆனால் இல்லங்கள் மருத்துவமனைக்கு வெளியே. கேள்வி வார்டுக்குள்ளே இருக்கிறது. இந்தியாவில் மிகவும் மெலிந்த பிள்ளைகளுக்காக அரசு மருத்துவமனைகளில் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்கள் நடத்துகிறார்கள். பிள்ளையோடு தாயையும் சேர்த்துக்கொள்கிறார்கள்; தாய்க்கும் சாப்பாடு; அவர் இழந்த கூலிக்கு ஈடாக நாளுக்கு இவ்வளவு என்று பணமும் கொடுக்கிறார்கள். ஏழை நாடு செய்கிற ஏற்பாடு. கூலிக்கு ஈடு கொடுக்காவிட்டால் தாய் பாதியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று அங்கே தெரிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2013இல் தொடங்கிய அம்மா உணவகங்களைப் பெரிய அரசு மருத்துவமனை வளாகங்களிலும் வைத்தார்கள். ஒரு ரூபாய்க்கு இட்லி வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடும் துணையாட்களைச் சென்னையில் நானே பார்த்தேன். அரசியல் படம் பெரிதாக ஒட்டியிருந்தது உண்மைதான். இட்லி சூடாக இருந்ததும் உண்மைதான்.

நம் நாட்டு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில், தொழிலாளிக்கு உடம்பு முடியாவிட்டால் ஆண்டுக்கு 14 முதல் 22 நாள் சம்பளத்தோடு விடுப்பு; மருத்துவமனையில் படுத்தால் 60 நாள். பிரசவ விடுப்பு 2023இலிருந்து 98 நாள். பிள்ளை மருத்துவமனையில் படுத்தால்? ஒன்றுமில்லை. மருத்துவமனை தாயைக் கூட இருக்கச் சொல்கிறது, சட்டம் அவரை வேலைக்குப் போகச் சொல்கிறது. மேலாளர் நல்லவராக இருந்தால் விடுப்பு. அந்தக் காலத்துக் கங்காணியும் சில வேளை நல்லவராக இருந்தார்.

நான் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. மருத்துவமனைச் சமையற்கட்டில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கான தட்டுகளுக்கு உலை கொதிக்கிறது. குழந்தைகள் வார்டில் எத்தனை கட்டிலோ அத்தனை தட்டு கூட வைத்தால் போதும். கருணைக்காக இதைச் சொல்லவில்லை, மருத்துவத்துக்காகச் சொல்கிறேன். பிள்ளைக்கு ஊட்டுகிற கை, தேற்றுகிற குரல், இரவில் காய்ச்சல் ஏறினால் முதலில் கண்டுபிடிக்கிற ஆள் எல்லாம் அந்த ஒருவர்தான். சம்பளமில்லாமல் மூன்று ஷிப்டும் வேலை பார்க்கிற அந்தப் பணியாளருக்குச் சோறு போட்டே ஆக வேண்டும். சுகாதார அமைச்சு இதைச் செய்யும் வரை நம் கோயில்கள் செய்யலாம். மாசி மகத்துக்கு மலாக்காவின் செங் சன்னாசிமலையில் அன்னதானத்துக்கு எத்தனை அண்டா ஏறி இறங்குகிறது! ஜாலான் தெமெங்கோங் குருத்வாராவில் யார் எவரென்று கேட்காமல் உட்கார வைத்துச் சோறு போடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், மகன் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், அங்கேதான் மத்தியானம் சாப்பிட்டார். ஒரு நாளும் யாரும் முகம் சுளிக்கவில்லை என்றார். நம் அன்னதானம் திருவிழாவோடு நின்றுவிடுகிறது. ஆஸ்பத்திரியில் தினமும் ஆள் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். புற்றுநோய் மருந்து ஏறும் பிள்ளைகளுக்கு வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். வெளிச்சாப்பாடும் நறுக்கிய பழமும் விபூதி குங்குமமும் கூட அவர்களுக்கு ஆபத்தாகலாம். சிறுநீரக நோய்ப் பிள்ளைக்கு உங்கள் வீட்டுக் குழம்பின் உப்பு ஆகாது. பிள்ளைக்கு என்ன கொடுக்கலாம் என்பதை வார்டுத் தாதியிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். தாய்க்கு அந்தத் தடை எதுவும் இல்லை.

ஆகவே அடுத்த முறை நோயுற்ற பிள்ளையைப் பார்க்கப் போகும்போது ஆப்பிளும் ஆரஞ்சும் பிஸ்கட் டின்னும் வாங்காதீர்கள். கட்டிலுக்கடியில் அவை ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. சூடாகச் சோறு, குழம்பு, ஒரு பொரியல், பிளாஸ்கில் தேநீர் என்று தாய்க்குக் கட்டிக்கொண்டு போங்கள். போனவுடன் நோயைப் பற்றி விசாரிக்க வேண்டாம். அரை மணி நேரம் பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவரை வெளியே போய் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள்.